கரிக்கோட்டில் பேசும் கை



கோயிலில் நடராசர் திருவுருவின் முன் நிற்கும்போது நாம் முகத்தை மட்டுமா பார்க்கின்றோம்? உடுக்கை ஏந்திய கை படைத்தலையும், அமைத்த கை காத்தலையும், தீ ஏந்திய கை அழித்தலையும், தூக்கிய திருவடி அருளலையும் உணர்த்தும் என்று பெரியோர் நமக்குச் சொல்லித் தந்துள்ளனர். உறுப்பைக் கொண்டு கருத்தை அறியும் பழக்கம் நமக்குப் புதிதன்று. அப்பழக்கத்தோடு இன்று ஒரு கரி ஓவியத்தைக் காண்போம்.

அதை வரைந்தவர் ஜெர்மன் நாட்டுக் கேத்தே கொல்விட்ஸ் அம்மையார். லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட அதே 1867ஆம் ஆண்டில் பிறந்தவர். பெர்லின் நகரின் தொழிலாளர் பகுதியில் மருத்துவரான கணவரோடு வாழ்ந்து, ஏழைப் பெண்களின் வாழ்வைக் கரியாலும் அச்சாலும் தீட்டியவர். 1914இல் போரில் இளைய மகனைப் பறிகொடுத்தார். 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும், பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து விலகும்படி கட்டாயப்படுத்தப்பட்டார். அவ்வாண்டில் அவர் தம்மைத் தாமே வரைந்த ஓவியம், இன்று வாஷிங்டன் தேசிய ஓவியக் கூடத்தில் உள்ளது.

பக்கவாட்டில் திரும்பிய முதிய முகம்; கரித்துண்டைப் பற்றிய கை. இவ்விரண்டும் நிதானமாகத் தீட்டப்பட்டுள்ளன. இடையிலுள்ள புயமோ புயமாகவே வரையப்படவில்லை! கரித்துண்டைப் படுக்கவைத்து அழுத்தி, மேலும் கீழுமாக வேகத்தோடு இழுத்த கோடுகளே அங்குள்ளன.

மகனை இழந்த தாய் என்று அறிந்தவுடன் நாம் படத்தில் சோகத்தைத் தேடுகின்றோம். ஆனால் அம்முகத்தில் கண்ணீர் இல்லை. கண் வேலையிலே பதிந்திருக்கிறது. கேட்ட கதையைப் படத்தின்மேல் ஏற்றிவிடலாகாது. கரி எங்கே அழுந்தியது, எங்கே மெலிந்தது என்றுதான் முதலில் பார்த்தல் வேண்டும். கையின் அழுத்தத்தை மறைக்கத் தெரியாத கருவி கரி. இங்கே வேகமெல்லாம் புயத்தில் இருக்கிறது. பதவியைப் பறிக்கலாம், வேலை செய்யும் கையைப் பறிக்க இயலாது என்று நாம் கொள்ளும் பொருளும் அக்கோடுகளிலிருந்தே பிறக்கிறது.

இது நமக்கு அயலான செய்தியன்று. தேயிலைப் பெட்டிகளின்மேல் நம் பெண்கள் சிரித்துக்கொண்டே கொழுந்தெடுக்கின்றனர். இரக்கங்கொண்டு வரைவோரின் படங்களிலோ அழுதுகொண்டே நிற்கின்றனர். இரண்டும் முகத்தோடு நின்றுவிடுகின்றன. காலையில் பிரட்டுக்குப் போய், நாளெல்லாம் மலையேறி இறங்கும் தாயின் தோள் எங்கே? கொழுந்துக் கறை படிந்த விரல் எங்கே?

இளைஞர்களே, கரிக்காகக் கடைக்குப் போக வேண்டியதில்லை. விறகெரியும் அடுப்பிலே கிடைக்கும். பெரியோர்களே, பிள்ளைகள் கேட்டால் சற்று நேரம் அசையாமல் அமர்ந்து கொடுங்கள். நம்மை நாமே வரையாதவரை, பிறர் வரைந்ததே நம் உருவமாக நிலைத்துவிடும்.