சராசரி மூச்சு விடுவதில்லை



ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயது நிறைவதற்குள் இறந்துபோவது இந்திய அளவில் 25, கேரளத்தில் 5. 2023ஆம் ஆண்டுக்கான அரசுக் கணக்கு இது. பணக்கார நாடுகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பேசத்தக்க எண். இதை யாரும் நமக்குத் தானமாகத் தரவில்லை. 1813லேயே திருவிதாங்கூரில் அம்மை குத்தத் தொடங்கினார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குப் பூட்டிய பள்ளிக்கூடக் கதவை அய்யன்காளி போராடித் திறந்தார். 1952ல் தாய்க்கும் சேய்க்கும் என்றே இந்தத் திருவனந்தபுரம் நகரத்தில் எஸ்.ஏ.டி. மருத்துவமனை எழுந்தது. இவையெல்லாம் சேர்ந்து ஈட்டிய வெற்றி அது. அதைக் குறைத்துப் பேச நான் இங்கே வரவில்லை. அந்த எண்ணைக் கேடயமாகத் தூக்கிப் பிடித்து, கேள்வி கேட்கிறவர்களின் வாயை அடைக்கிறார்களே, அதை மறுக்க வந்திருக்கிறேன். குழந்தை சாகாமல் காத்துவிட்டோம், சரி. நோயில்லாமல் வளர விட்டோமா? ஒவ்வொரு மழைக்காலத்திலும் நெஞ்சுச் சளியோடும் மூச்சிரைப்போடும் மருத்துவமனை வரிசையில் நிற்கும் குழந்தைகள் எந்தத் தெருக்களிலிருந்து வருகிறார்கள் என்று எப்போதாவது எண்ணினோமா?

என் வாதம் ஒன்றுதான். குழந்தையின் நுரையீரலைத் தாக்குகிற தொற்று நோய் கிருமியால் மட்டும் வருவதில்லை. புகை, இட நெருக்கடி, ஈரம், பசி என்ற நான்கு புரிகளை முறுக்கிய கயிறு அது. அந்த நான்கும் நகரமெங்கும் சமமாகப் பரவிக் கிடக்கவில்லை. ஒரே தெருவில், ஒரே கூரைக்கு அடியில் வந்து சேர்கின்றன. நம் அரசும் மாநகராட்சியும் நகரத்தைச் சராசரியால் அளக்கின்றன. சராசரி எண்ணுக்கு மூச்சு இல்லை. மூச்சு விடுவது குழந்தை. அது சுவாசிப்பதும் தான் இருக்கும் அறையின் காற்றைத்தான்.

அந்த அறையை மனக்கண்ணில் பாருங்கள். வலியதுறையிலோ பூந்துறையிலோ கடலை ஒட்டிய ஒற்றை அறை வீடு. மூலையில் விறகடுப்பு, எரிப்பது தென்னை மட்டையும் சிரட்டையும். மழைநாளில் நனைந்த மட்டை பற்றாதபோது, பற்றவைக்க ஒரு பிளாஸ்டிக் உறை. அடுப்புக்கு நான்கடி தள்ளிப் பாய். அதில் மூன்று பிள்ளைகள், பக்கத்தில் இருமுகிற பாட்டி. பின்னால் ஓடாமல் நிற்கிற ஓடை. அந்தி சாய்ந்தால் கொசு. கொசுவுக்காக ஒரே சன்னலையும் சாத்திவிட்டுக் பாய்க்குப் பக்கத்தில் கொசுவர்த்திச் சுருளைக் கொளுத்துகிறார்கள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளியிடும் அளவு என்று 2003ல் வெளிவந்த ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. கால்வாயைத் தூர் வாராதது பொதுப்பணியில் நடந்த தவறு. அதன் விலையைக் கட்டுவது அந்தப் பாயில் படுத்திருக்கும் குழந்தையின் நுரையீரல். டெங்குக்குப் பயந்தால் புகை, புகைக்குப் பயந்தால் டெங்கு. ஆமயிழஞ்சான் தோடு, பார்வதி புத்தனார் என்ற கால்வாய்களை ஒட்டி வாழும் தாய்க்கு நாம் விட்டுவைத்திருக்கும் தேர்வு இவ்வளவுதான்.

புகைக்கும் கிருமிக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். மூச்சுக்குழலின் உட்சுவரில் மெல்லிய மயிரிழைகள் உண்டு. உள்ளே வரும் தூசியையும் கிருமியையும் சளியோடு சேர்த்து மேலே தள்ளுவது அவற்றின் வேலை. புகை அந்த இழைகளைத் தளர்த்திவிடுகிறது. நுரையீரலின் அடியில் கிருமியை விழுங்கும் காவல் அணுக்கள், புகைக்கரியை விழுங்கி விழுங்கியே சோர்ந்துபோகின்றன. நிமோனியாவைத் தரும் நியூமோகாக்கஸ் கிருமி, நுண்துகள் பட்ட உயிரணுக்களில் இன்னும் இறுக ஒட்டிக்கொள்கிறது என்பது ஆய்வகத்தில் காட்டப்பட்ட உண்மை. குழந்தையோ உடல் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. கதவைப் புகை திறந்து வைக்கிறது. அருகில் படுத்திருப்பவரின் இருமல் கிருமியைக் கொண்டுவருகிறது. ஊட்டமில்லாத உடல் அதை எதிர்க்க முடியாமல் கிடக்கிறது. உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஆண்டுக்கு ஏழு லட்சம் பேரை நிமோனியா இன்னமும் கொல்கிறது. அந்தச் சாவுகளில் 44 சதவீதத்துக்கு வீட்டுப் புகையே காரணம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

இது ஏழை நாட்டுக்கு மட்டும் உரிய கதையும் அன்று. 1946 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த குழந்தைகளை டக்ளஸ், வாலர் என்ற இரு ஆய்வாளர்கள் பதினைந்து வயதுவரை பின்தொடர்ந்தார்கள். எரிக்கப்படும் நிலக்கரியின் அளவை வைத்து ஊர்களை நான்கு வகையாகப் பிரித்தார்கள். 1966ல் முடிவை வெளியிட்டார்கள். மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும் சாதாரணச் சளிக்கும் புகைக்கும் தொடர்பு தெரியவில்லை. நெஞ்சுக்குள் இறங்கும் நோயோ, புகை கூடக் கூட அடிக்கடி வந்தது, கடுமையாகவும் வந்தது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கும் தொழிலாளி வீட்டுப் பிள்ளைக்கும் இதில் வேறுபாடு இல்லை. புகை ஆள் பார்த்துக் கொல்வதில்லை என்பது இதற்குப் பொருள். ஆனால் புகை சூழ்ந்த இடத்தில் யாரைக் குடிவைப்பது என்பதைச் சமூகம்தான் ஆள் பார்த்து முடிவு செய்கிறது.

இட நெருக்கடி நோயை எப்படிப் பெருக்கும் என்பதற்கு நாம் வெளிநாட்டுச் சான்று தேடவேண்டியதில்லை. 2020 ஜூலையில் பூந்துறையில் கொரோனா பரவியபோது என்ன நடந்தது? தெருவில் கமாண்டோக்களை இறக்கினார்கள். அடுத்த சில நாட்களில் பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் வந்துவிட்டதாக முதலமைச்சரே அறிவித்தார். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில், ஒரே அறையில் ஒரு குடும்பமே படுக்கிற இடத்தில், 'தனித்திருங்கள்' என்று ஒலிபெருக்கியில் சொன்னால் எந்த மூலைக்குப் போய்த் தனித்திருப்பது? கடலரிப்பில் வீடிழந்தவர்களை வலியதுறைச் சிமெண்ட் கிடங்கில் கொண்டுபோய் வைத்தோம். துணியாலும் தார்ப்பாயாலும் தடுப்புக் கட்டி, காற்றோட்டமில்லாத அந்தக் கூரைக்குக் கீழே குடும்பங்கள் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தன. குழந்தைகள் அங்கே தவழக் கற்றார்கள். 2025ல் முட்டத்தறையில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகளை அரசு கையளித்தது, வரவேற்கிறேன். ஆனால் குழந்தையின் நுரையீரல் முதல் சில ஆண்டுகளில்தான் வேகமாக வளர்கிறது. அந்த ஆண்டுகளைக் கிடங்கில் கழித்த பிள்ளைக்கு அவற்றை எந்தச் சாவியும் திருப்பித் தராது.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். முதலாவது, "திருவனந்தபுரத்தில் கடற்காற்று வீசுகிறது, டெல்லியைப் பாருங்கள், நமக்கு என்ன குறை?" என்பது. தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் சேர்க்கப்பட்ட 131 நகரங்களில் கேரள நகரம் ஒன்றுகூட இல்லை என்பது உண்மைதான். ஆனால் நம் நாட்டின் தரமே எவ்வளவு தளர்ந்தது? இந்தியத் தரம், நுண்துகளுக்கு ஒரு கனமீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரி 40 மைக்ரோகிராம் வரை விடுகிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2021ல் வைத்த வரம்பு 5. எட்டு மடங்கு தளர்ந்த தரத்தை வைத்துக்கொண்டு பெருமை பேசலாமா? நகரத்தின் தானியங்கிக் காற்றளவு நிலையங்கள் பிளாமூட்டிலும் காரியவட்டத்திலும் இருக்கின்றன. சாலையோரக் காற்றை அவை நேர்மையாகவே அளக்கின்றன. கடற்கரை வீட்டின் அடுப்படியையும் செங்கல்சூளைக் காலனியின் சந்துகளையும் அவற்றால் அளக்க முடியாது. கேரளத்தில் ஏறத்தாழ 72 சதவீத வீடுகளில் தூய எரிபொருளில் சமைக்கிறார்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. மீதி 28 சதவீதம் யார் வீடு? அதே கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட கேரளக் குழந்தைகளில் 23.4 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்; அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 19.7. சிசு மரண எண்ணை மேடைதோறும் முழங்குகிறவர்கள் இந்த எண்ணை ஏன் முணுமுணுக்கக்கூட மறுக்கிறார்கள்?

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. அதற்குரிய மரியாதையோடு பதில் சொல்லவேண்டும். "கேஸ் அடுப்புக் கொடுத்துப் பார்த்தார்கள், நிமோனியா குறையவில்லையே" என்பது அது. உண்மை. தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் ஏறத்தாழ 3,200 கருவுற்ற பெண்களைச் சேர்த்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். பாதிப் பேருக்கு அடுப்பும் எரிவாயுவும் இலவசம். அவர்கள் சுவாசித்த புகை நன்றாகவே குறைந்தது. ஆனாலும் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை பார்த்ததில் கடும் நிமோனியா குறிப்பிடும்படி குறையவில்லை. குவாத்தமாலாவில் 2011ல் முடிவு வெளிவந்த இன்னோர் ஆய்வில், புகைபோக்கி வைத்த அடுப்பு மொத்த நிமோனியாவைத் தெளிவாகக் குறைக்காவிட்டாலும் கடுமையானதைக் குறைத்தது. இவற்றிலிருந்து "புகை பாதிப்பில்லை" என்று முடிவு கட்டுவது அவசரம். ஒரு புரியை மட்டும் அறுத்தால் கயிறு அறுந்துவிடாது என்றுதான் நான் வாசிக்கிறேன். கேஸ் அடுப்பு வந்த வீட்டில் அறை பெரிதாகிவிடவில்லை, தட்டில் சோறு கூடிவிடவில்லை. ஒரு சிலிண்டரைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு கடமை முடிந்தது என்று சொல்பவர்களுக்குத்தான் இந்த ஆய்வு பதில் சொல்லியிருக்கிறது.

மூன்றாவது, "தடுப்பூசி வந்துவிட்டதே" என்கிறார்கள். 2021ல் நியூமோகாக்கஸ் தடுப்பூசி நாடெங்கும் இலவசமானது. ஒரு குழந்தையும் விடுபடாமல் போடவேண்டும். ஆனால் அது அந்தக் கிருமியின் சில வகைகளைத் தடுக்கும். மற்றக் கிருமிகளுக்கும், நெஞ்சைப் பிடிக்கும் வைரஸ்களுக்கும் எதிராக நிற்கவேண்டியது குழந்தையின் சொந்த நுரையீரல். அதைப் பழுதாக்கிவிட்டு ஊசியின் மேல் பாரத்தைப் போடுவது மருத்துவமும் இல்லை, நியாயமும் இல்லை.

நான்காவது, எல்லாவற்றிலும் கொடியது: "குப்பையைக் கொளுத்துகிறவர்கள் அந்த ஏழைகள்தானே." அந்த நிலையை உண்டாக்கியது யார்? 2000ல் விளப்பில்சாலையில் குப்பை ஆலையைத் தொடங்கி, மாநகரத்தின் கழிவையெல்லாம் ஒரு கிராமத்தின் தலையில் கொட்டினோம். பொறுக்க முடியாமல் 2011 டிசம்பரில் அந்த ஊராட்சி ஆலைக்குப் பூட்டுப் போட்டது. 2012ல் மாநகராட்சி போலீஸ் துணையோடு போனபோது ஊரே சாலைக்கு வந்து மறித்தது. அவர்கள் தங்கள் பிள்ளைகளைக் காத்தார்கள். பூட்டு விழுந்த பிறகு குப்பை தெருமுனைகளில் எரிந்தது. இன்று ஹரித கர்ம சேனைப் பெண்கள் வீடு வீடாக வந்து பிளாஸ்டிக்கை வாங்கிப் போகிறார்கள். அவர்கள் உழைப்பை வணங்குகிறேன். மக்குகிற குப்பைக்கு வீட்டுக்கு ஒரு தொட்டி வைக்கச் சொல்கிறோம். முற்றமே இல்லாத ஒற்றை அறை வீட்டில் அதை எங்கே வைப்பது? திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று 2016ல் பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சரி. ஆனால் குப்பை எடுக்க ஆள் அனுப்பாத தெருவுக்கு அபராதச் சீட்டை மட்டும் அனுப்புவது அக்கிரமம். 2023 மார்ச்சில் கொச்சி பிரம்மபுரத்தில் குப்பை மலை எரிந்து புகை நகரத்தின் மேல் கவிந்தது. உடனே பள்ளிகளுக்கு விடுமுறை. தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி அபராதம். அடுக்குமாடிச் சன்னலுக்குப் புகை வந்தால் அது பேரிடர், குடிசைக்குள் தினமும் புகைந்தால் அது பழக்கமா?

"பணத்துக்கு எங்கே போவது" என்று கடைசியாகக் கேட்பார்கள். 1952 டிசம்பரில் லண்டனை ஐந்து நாட்கள் மூடிய புகைமூட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். 1956ல் அந்த நாடு தூய காற்றுச் சட்டம் இயற்றியது. புகை கூடாது என்று தடுத்ததோடு நிற்காமல், வீட்டு அடுப்பை மாற்றும் செலவில் பெரும்பங்கைப் பொதுப்பணத்திலிருந்து கொடுத்தது. போர்க் கடனில் இருந்த நாடு அதைச் செய்தது. மூச்சு முட்டி வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஆக்சிஜன், படுக்கை, தாயின் இழந்த கூலி என்று நாமும் இப்போதே செலவழித்துக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தச் செலவில் பெரும்பகுதி ஏழையின் மடியிலிருந்து போவதால் வரவுசெலவுத் திட்டத்தில் தெரிவதில்லை.

ஆகவே இந்த அவையின் பெயரால் மாநகராட்சியிடமும் மாநில அரசிடமும் ஐந்து கோரிக்கைகளை வைக்கிறேன். நெஞ்சுத் தொற்றோடு அரசு மருத்துவமனைக்கு வரும் ஒவ்வொரு குழந்தையின் தெருவையும் பதிந்து, பெயரை விலக்கி, வார்டுவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுங்கள். கடற்கரையிலும் காலனிகளிலும் வீட்டுக்குள்ளேயும் காற்றை அளந்து பாருங்கள். அந்தக் கணக்கில் எந்த வார்டு முதலில் நிற்கிறதோ, வீடு, எரிவாயு மானியம், அங்கன்வாடி உணவு, கால்வாய்த் தூர்வாரல் நான்கும் அங்கே ஒன்றாகப் போய்ச் சேரட்டும். நான்கு துறைகள் நான்கு வருடங்களில் தனித்தனியாகப் போவதில் பயனில்லை. குப்பை எடுக்கும் ஏற்பாடு முதலில், அபராதம் பிறகு. கடலரிப்பில் வீடிழக்கும் குடும்பத்தைக் கிடங்கில் வைக்கக்கூடாது. சிறு குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு முதல் வீடு.

வாக்குக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவர் எந்தக் கட்சியாக இருந்தாலும், "இந்த வார்டில் போன வருடம் எத்தனை குழந்தைகள் மூச்சிரைத்து மருத்துவமனை போனார்கள்?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். நூறு வாசல்களில் இந்தக் கேள்வி எழுந்தால் மாநகராட்சி மன்றத்திலும் எழும். மன்றத்தில் எழுந்தால் எண்ணியே ஆகவேண்டும்; எண்ணிவிட்டால் சராசரிக்குப் பின்னால் யாரும் ஒளிந்துகொள்ள முடியாது.