மதிய மணி அடித்ததும் ஊசி போடுவது யார்?
(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"அஞ்சு நிமிஷம்தான் டாக்டர்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். நேராக விஷயத்துக்கு வருகிறேன். இங்கே ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் வகுப்பில் சர்க்கரை நோயுள்ள ஒரு குழந்தை இருந்தால், மதியச் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போடுவது யார்?

"குழந்தைக்குமா சர்க்கரை?" என்பீர்கள். முதல் வகை நீரிழிவு இனிப்பு தின்று வருவதல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. மாத்திரை போதாது, ஊசிதான். 1922-இல் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன் இந்நோய் வந்த பிள்ளைகள் பிழைப்பது அரிது. இன்று பிழைத்து, பள்ளிக்கும் வருகிறார்கள். பெரிய பிள்ளை தானே போட்டுக்கொள்ளும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? அம்மா வேலையை விட்டுவிட்டு மதியம் ஓடிவரும் வீடுகள் உண்டு. அதுவும் முடியாத வீட்டில் ஒரு வேளை ஊசி தவறும்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போனது. பெற்றோர் தொடுத்த வழக்கில் 2007-இல் சமரசம் ஏற்பட்டது. நர்ஸ் இல்லாதபோது பயிற்சி பெற்ற பள்ளி ஊழியர் போடலாம் என்றது கல்வித் துறை. நர்ஸ் சங்கங்கள் எதிர்த்தன. கீழ்க் கோர்ட்டுகள் அவர்கள் பக்கம் நின்றன. 2013 ஆகஸ்டில் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாக அதை மாற்றியது. மருத்துவரின் எழுத்து உத்தரவும் பெற்றோர் சம்மதமும் இருந்தால், பயிற்சி பெற்று முன்வரும் ஊழியர் போடலாம். முழுநேர நர்ஸ் இருந்த பள்ளிகள் அப்போது அங்கேயே 5 சதவீதம்தான்!

நர்ஸ்களின் பயத்திலும் நியாயம் உண்டு. நம் ஊரில் இன்சுலின் ஒரு மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என இரண்டு விதமாகக் கிடைக்கிறது. 40-க்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். ஆகவே பயிற்சி இல்லாமல் யாரும் தொடவே கூடாது. பயிற்சி இருந்தால்? பத்தாவது படித்த தாய்மார்கள் தினம் வீட்டில் செய்கிற காரியம்தானே!

ஊசி போடாத ஆசிரியரும் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு வியர்த்து, கை நடுங்கினால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். தனியே வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

இப்பிள்ளைகள் வகுப்பிலேயே சர்க்கரை பார்க்கவும், ஊசி போட்டுக்கொள்ளவும், இடையில் சாப்பிடவும் விட வேண்டும் என்று தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் மாநிலங்களுக்கு எழுதியது. அனுமதி சரி; ஊசி பிடிக்க ஒரு கை வேண்டாமா?

"நமக்கு எதுக்குங்க வம்பு?" என்று ஒதுங்குவது சுலபம். பள்ளி நடத்தும் நண்பர்களே, அடுத்த ஜூனுக்குள் பள்ளிக்கு இரண்டு பேர் முன்வரட்டும். டாக்டர் கடிதமும் பெற்றோர் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். சொல்லித்தர நான் வருகிறேன். பஸ் செலவுகூட வேண்டாம்.