வாடகையே தவணையைக் கட்டுமா?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பார்கள். "வாடகைக்கு விட்டுப் பார்" என்பதையும் நான் சேர்த்துக்கொள்வேன்.

"வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்று நம்பி, ரிடையர்மெண்ட் பணத்தை முன்பணமாகப் போடுகிறவர்கள் நம்மில் உண்டு. ஒரு கணக்குப் பாருங்கள். ஃபிளாட் விலை 80 லட்சம். அதில் கடன் 60 லட்சம். எட்டரை சதவீத வட்டியில் 20 வருஷத்துக்கு மாதத் தவணை சுமார் 52,000 ரூபாய். வாடகை 20,000 வந்தால், மாதாமாதம் 32,000 கைக்காசு போகும். சொத்து வரி, பராமரிப்பு எல்லாம் தனி.

வரிச் சலுகை காப்பாற்றும் என்பார்கள். சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதமும், கடன் வட்டியும் கழியும், வாஸ்தவம். ஆனால் புதிய வரி முறையில், வீட்டு நஷ்டத்தைச் சம்பளத்திலோ பென்ஷனிலோ கழிக்க முடியாது.

வருஷத்துக்குப் பத்து மாத வாடகையைத்தான் நான் வரவாக எழுதுகிறேன். மீதி இரண்டு மாதம் பழுதுக்கும், வீடு காலியாக இருக்கும் நாட்களுக்கும். அந்தப் பத்து மாத வரவுக்குள் வருஷத் தவணை அடங்கினால் கடன் வாங்குங்கள். அடங்காவிட்டால் சேமிப்பைத் தொடாதீர்கள்.

தெரிந்தவர், சொந்தக்காரர் என்றாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும்.