பந்து வரும் முன்னே



கூடைப்பந்தாட்டம் ஓர் ஆசிரியர் வகுத்த ஆட்டம். 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஸ்பிரிங்பீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஒன்றில் ஆசிரியராயிருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார், குளிர்காலத்தில் வெளியே சென்று ஆட இயலாத மாணவர்களுக்காக இதனை அமைத்தார். இரண்டு பழக்கூடைகள், ஒரு பந்து, 13 விதிகள், அவ்வளவே மூலதனம். அவ்விதிகளுள் மூன்றாவது, பந்தைக் கையில் கொண்டவன் அதனோடு ஓடலாகாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்று கூறுகிறது. தரையில் துள்ளவிட்டு ஓட்டும் முறை பின்னரே வளர்ந்தது. ஆகவே இந்த ஆட்டம் பிறக்கும்போதே, 'உன் கைக்கு வந்தது உன்னிடமே நிற்கலாகாது' என்ற கட்டளையோடு பிறந்தது எனலாம்.

ஆட்டக்காரர்கள் 'பாஸ்' என்று வழங்கும் அச்செயலைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். கூடையில் பந்தைப் போடுகிறவனைக் கூட்டம் கொண்டாடுகிறது; அது இயல்பே. ஆனால் பந்து அவன் கைக்கு எப்படி வந்தது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே. யாருக்குக் கொடுப்பது, எப்பொழுது கொடுப்பது, எப்பொழுது கொடாதிருப்பது என்னும் இம்மூன்று வினாக்களுக்கும் ஒரு நொடிக்குள் விடை காண்பவனே நல்ல ஆட்டக்காரன். கை செய்யும் வேலை கடைசி வேலை. அதற்கு முன்பே கண்ணும் கருத்தும் தம் வேலையை முடித்திருக்க வேண்டும்.

இதற்குச் சான்றாக ஒரு கல்லூரி மாணவரைக் கூறுகிறேன். மிச்சிகன் மாநிலத்து லான்சிங் நகரில் 1959-இல் பிறந்தவர் எர்வின் ஜான்சன். அவருக்குப் பதினைந்து வயதிருக்கும்போது, அவ்வூர்ச் செய்தித்தாள் நிருபர் ஒருவர் அவரது ஆட்டத்தைக் கண்டு வியந்து, 'மேஜிக்' என்று பெயரிட்டார். மாயம் என்று பொருள்படும் அப்பெயரே உலகெங்கும் நிலைத்துவிட்டது. ஆயினும் அவருடைய இளமையை நோக்கினால், மாயத்தைக் காட்டிலும் உழைப்பே மிகுதியாகத் தென்படுகிறது. கடைக்கு அனுப்பினால் போகும்போது வலக்கையாலும், திரும்பும்போது இடக்கையாலும் பந்தைத் துள்ளவிட்டுக்கொண்டே நடந்த சிறுவர் அவர். அப்பழக்கத்தின் பயன் யாது? பந்தைக் கட்டுப்படுத்தக் கண் தேவையில்லை என்ற நிலையை அவர் எய்தினார். கண்ணுக்கு அவ்வேலை இல்லாது போகவே, அது பிறரைப் பார்க்க விடுதலை பெற்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் குழந்தைக்குப் பொருள் விளங்குவதில்லை. எழுத்து தானாக ஓடும் நிலை வந்த பின்னரே கருத்து மனத்தில் பதிகிறது. அதுபோன்றதே இதுவும்.

ஜான்சன் 6 அடி 8 அங்குலத்துக்குக் குறையாத உயரமுடையவர். அந்நாளில் அத்தகைய உயரமுள்ளவரைக் கூடையின் அருகே நிறுத்துவதே வழக்கம். பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் 'பாயிண்ட் கார்டு' என்னும் பொறுப்பு, குள்ளமான விரைவோட்டக்காரருக்கே பெரும்பாலும் கிட்டும். மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராயிருந்த ஜட் ஹீத்கோட், இந்த உயரமான இளைஞரிடமே ஆட்டத்தை நடத்தும் பொறுப்பைக் கொடுத்தார். எதிரிகளின் தலைகளுக்கு மேலாக அரங்கம் முழுவதையும் நோக்கவல்ல ஒருவர் அணிக்குக் கிடைத்தார். எதிரணியின் கூடையில் தவறிய பந்தைத் தாமே பற்றி, தாமே கொண்டோடி, தக்க தோழருக்கு வழங்குவது அவர் வழக்கமாயிற்று. 1978-79 பருவத்தில் அவர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக 17.1 புள்ளிகள் எடுத்தார். தோழர்கள் கூடையிடுவதற்கு நேரே வழிவகுத்த 'அசிஸ்ட்'களோ சராசரி 8.4.

விரைந்து தாக்கும் வேளையில் அவர் செய்த முடிவு எத்தகையது என்பதைச் சற்று விளக்குகிறேன். தாக்குவோர் இருவர், தடுப்பவர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பந்து உங்கள் கையில் இருக்கிறது. தோழர் பக்கத்தில் ஓடி வருகிறார். நீங்கள் முந்திக் கொடுத்துவிட்டால், தடுப்பவர் அவர் பக்கம் சாய்ந்துகொள்வார், பயனில்லை. பிந்திக் கொடுத்தாலோ, பந்து தடுப்பவர் கையில் சிக்கும். ஆகவே நீங்கள் கூடையை நோக்கியே உண்மையாகச் செல்லவேண்டும். தடுப்பவர் உம்மை நம்பி உம் எதிரே வந்து கால் ஊன்றுவாராயின், அக்கணமே தோழருக்குக் கொடுக்க வேண்டும். அவர் வாராது நின்றால், நீங்களே கூடையிட வேண்டும். இங்கே முடிவு செய்பவர் யார்? தடுப்பவரே உமக்காக முடிவு செய்கிறார். நீங்கள் அவரைப் படித்துணர்கிறீர்கள். ஜான்சன் ஒரு பக்கம் நோக்கிக்கொண்டே மறுபக்கம் பந்தை அனுப்பியதும் வெறும் வேடிக்கையன்று. தடுப்பவர்கள் எதிரியின் கண்ணைப் பார்த்தே நகர்வார்கள் என்பதை அறிந்து செய்த செயல் அது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. தோழர் நிற்கும் இடத்துக்குப் பந்தை எறிவது தொடக்க நிலை. அவர் சென்று சேரப்போகும் இடத்துக்கு எறிவதே தேர்ந்த நிலை. ஜான்சனின் தோழர் கிரெக் கெல்சர் உயர எழும்புவதில் வல்லவர். கூடையின் அருகே வெற்றிடத்தில் ஜான்சன் பந்தை உயர எறிவார். கெல்சர் ஓடிவந்து எழும்பி, காற்றிலேயே பற்றிக் கூடையில் இடுவார். பந்து கையை விட்டபோது அங்கே ஆள் இல்லை. நம்பிக்கை மட்டுமே இருந்தது. அந்நம்பிக்கையும் நாள்தோறும் சேர்ந்து பயின்றதனால் விளைந்ததேயன்றி, திடீரென்று தோன்றியதன்று.

அப்பருவம் இனிதே ஓடியதென்று எண்ணவேண்டா. 'பிக் டென்' என்னும் பல்கலைக்கழகக் கூட்டத்தின் போட்டிகளில் முதல் எட்டு ஆட்டங்களில் நான்கில் அவர்கள் தோற்றார்கள். அதன்பின் தேறி எழுந்து, 1979 மார்ச் 26-ஆம் நாள் யூட்டா மாநிலத்து சால்ட் லேக் சிட்டியில் தேசியக் கல்லூரிப் போட்டியின் இறுதியாட்டத்தை எட்டினார்கள். எதிரே நின்றது இண்டியானா ஸ்டேட் அணி. அதுவரை 33 ஆட்டங்களில் ஒன்றிலும் தோலாத அணி. அதன் தலைவர் லாரி பேர்டு, புள்ளி எடுப்பதிலும் பந்து வழங்குவதிலும் ஒருங்கே வல்லவர்.

அந்த ஆட்டத்துக்கு ஆயத்தம் செய்த விதம் ஆசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்தமானது. பேர்டைப் போல ஆடிக் காட்டும்படி ஹீத்கோட் ஜான்சனையே ஏவினார். பயிற்சியின்போது ஜான்சன் பேர்டாக மாறி ஆடினார். தோழர்கள் அவரைத் தடுக்கக் கற்றார்கள். இறுதியாட்டத்தில், பேர்டு எங்கே சென்றாலும் ஒருவர் எதிரே நிற்க, இன்னொருவர் பாதிக் கவனத்தை அவர்மீது வைத்திருந்தார். அவர் எறிந்த 21 எறிகளில் 7 மட்டுமே கூடையில் விழுந்தன. மிச்சிகன் ஸ்டேட் 75-64 என்ற கணக்கில் வென்றது.

இவ்விடத்தில் ஒன்றை நன்கு கருதுங்கள். பந்து வழங்குவதில் புகழ்பெற்ற ஜான்சன் அன்று வழங்கிய அசிஸ்ட் ஐந்தே. எடுத்த புள்ளிகளோ 24. அதற்கு முந்திய அரையிறுதியில் பென்சில்வேனியா அணிக்கு எதிராக 29 புள்ளிகளும் 10 அசிஸ்டுகளும் அவருடையவை. கொடுப்பதே உயர்ந்ததென்று கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தவர் அல்லர் அவர். தாமே போடவேண்டிய வேளையில் தாமே போட்டார். மாலை நேரங்களில் பள்ளி ஆடுகளத்தின் ஓரத்தில் பல்லாண்டு நின்று பார்த்தவன் நான். பந்து வந்தவுடன் அதைப் பிறர் கையில் தள்ளிவிடும் மாணவர் பலரைக் கண்டிருக்கிறேன். பார்ப்பவர், 'என்ன தாராள மனம்!' என்பர். உண்மையில் அது தாராளமன்று, அச்சம். தவறினால் பழி தன்மேல் வருமே என்று பொறுப்பைக் கைகழுவுதல். தோழன் நல்ல இடத்தில் நிற்பதைக் கண்டு கொடுப்பது ஒன்று. தான் அஞ்சிக் கொடுப்பது வேறொன்று. இரண்டும் வெளிக்கு ஒன்றுபோலவே தோன்றும். எது எது என்பதைக் கொடுத்தவன் நெஞ்சம் ஒன்றே அறியும்.

கொடாதிருத்தலின் சிறப்புக்கு மற்றுமோர் எடுத்துக்காட்டு உண்டு. 1996 மார்ச் 14-ஆம் நாள் இண்டியானாபொலிஸ் நகரில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் யு.சி.எல்.ஏ. அணியை எதிர்த்தது. யு.சி.எல்.ஏ. முந்திய ஆண்டின் தேசிய வெற்றியணி. கடைசிக் கட்டத்தில் இரு அணிகளும் 41-41 என்று சமநிலையில் நின்றன. பந்து ஸ்டீவ் குட்ரிச் என்பவர் கையில் இருந்தது. முதலாண்டு மாணவர் கேப் லெவுல்லிஸ் கூடையை நோக்கிப் பாய்ந்தார். தடுப்பவரும் உடன் வந்தார். குட்ரிச் பந்தை விடவில்லை. நேரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆயினும் விடவில்லை. லெவுல்லிஸ் வெளியே திரும்பினார்; தடுப்பவர் ஓரடி முன்னே வந்தார். உடனே லெவுல்லிஸ் அவர் முதுகுப்புறமாக மீண்டும் பாய்ந்தார். இம்முறை குட்ரிச் தரையில் ஒருமுறை துள்ளும்படி பந்தை அனுப்பினார். 3.9 நொடிகள் எஞ்சியிருக்கையில் பந்து கூடையில் விழுந்தது; பிரின்ஸ்டன் 43-41 என வென்றது. இரண்டாம் பாய்ச்சலில் கொடுத்ததை எல்லோரும் கண்டனர். முதற் பாய்ச்சலில் கொடாதிருந்ததை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? அன்றியும், பந்தில்லாத லெவுல்லிஸ் முதல் முயற்சி வீணாயிற்றே என்று சோர்ந்து நின்றிருந்தால், குட்ரிச்சின் பொறுமையும் வீணாகியிருக்கும். வழங்குபவன் சிறப்பு, பெறுபவன் முயற்சியையும் பொறுத்தது.

இறுதியாக, உங்கள் வாழ்வுக்கு நெருங்கிய செய்தி ஒன்று கூறி முடிக்கிறேன். நல்ல பாஸ் ஒன்றைக் கொடுத்தும், பெற்றவர் கூடையிடத் தவறினால், கணக்கேட்டில் வழங்கியவர் பெயரில் அசிஸ்ட் ஏறாது. அவசரத்தில் எறிந்த பந்து தற்செயலாக நல்ல கையில் விழுந்து கூடையில் சேர்ந்தால் அது ஏறும். அப்படியானால் கணக்கேடு பொய்யா? பொய்யன்று, அது விளைவை மட்டுமே எழுதுகிறது. முடிவு சரியா தவறா என்பது, முடிவு செய்த அக்கணத்தில் நீங்கள் எதைக் கண்டீர்கள், எதை எண்ணினீர்கள் என்பதைப் பொறுத்தது. தேர்வில் மதிப்பெண் குறைந்தபோதும், நாடிய இடம் கிடைக்காதபோதும், 'நான் செய்த முடிவே தவறு' என்று உடனே மனம் உடையாதீர்கள். தற்செயலாய் வெற்றி வந்தபோது, 'நான் செய்ததெல்லாம் சரி' என்று செருக்கும் கொள்ளாதீர்கள். இரு வேளையிலும், அக்கணத்தில் நான் நன்றாகப் பார்த்தேனா என்று உங்களையே வினவுங்கள்.

அடுத்த முறை கூடைப்பந்தாட்டம் காணும்போது, சிறிது நேரமேனும் பந்தைப் பாராமல் விடுங்கள். பந்து இன்னும் வந்து சேராத ஆட்டக்காரர் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவர் தலை எப்பக்கம் திரும்புகிறது, யாரை நோக்குகிறது என்று கவனியுங்கள். பந்து வந்தபின் அவர் செய்வதற்கு விடை அங்கேயே கிடைக்கும்.