பட்டிக்காரனின் சாட்சியம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டிப் பொங்கலன்று மாட்டைக் குளிப்பாட்டிச் சந்தனமும் குங்குமமுமிட்டு வணங்குகின்றோம். அந்த மாட்டை ஆண்டு முழுவதும் பார்த்திருப்பவன் பட்டிக்காரன். அது என்றைக்கு அசைபோடுவதை நிறுத்தியது, என்றைக்குக் கண்ணீர் வடித்தது என்பதை வைத்தியருக்கு முன்னரே அறிபவனும் அவனே. அவ்வறிவை நோயாராய்ச்சியிற் சேர்த்துக்கொண்டால் விளையும் நன்மையையும், சேர்க்கத் தவறினால் விளையும் கேட்டையும் ஆபிரிக்காவில் நிகழ்ந்த இரு சம்பவங்களால் விளக்க விரும்புகின்றேன்.

முதலாவது, வெக்கை எனவும் ரிண்டர்பெஸ்ட் எனவும் வழங்கிய மாட்டுக் கொள்ளைநோயைப் பற்றியது. 1890ஆம் ஆண்டையொட்டி அந்நோய் கிழக்காபிரிக்காவில் மாடுகளை மந்தை மந்தையாக மாய்த்தது. எதியோப்பியாவிலே உழவு மாடின்றிப் பஞ்சம் வந்தது, மக்களும் மாண்டனர். நம் இலங்கையிலும் 1987இல் அந்நோய் மீண்டும் தலைகாட்டியது.

நல்ல தடுப்பு மருந்து இருந்தது. ஆனால் அதைக் குளிரில் வைத்துக் காக்கவேண்டும். பாதையும் மின்சாரமுமில்லாத வறண்ட நிலங்களுக்கு அதனை எவ்வாறு கொண்டுசெல்வது? குளிர்ப்பெட்டியின்றி ஏறக்குறைய ஒரு மாதம் கெடாதிருக்கும் மருந்து பின்னர் ஆக்கப்பட்டது. அதை ஏந்திச் செல்ல, எதியோப்பியாவின் அபார் பிரதேசத்து மக்கள் தம்முள்ளே நம்பிக்கையானவர்களைத் தெரிந்தெடுத்தனர். 1994இல் பயிற்சி பெற்ற 20 பேர் 70,000க்கும் மேற்பட்ட மாடுகளுக்கு ஊசி போட்டனர். கிழக்காபிரிக்காவில் நோய் எங்கே ஒளிந்திருக்கின்றது என்பதையும் இடையரிடம் கேட்டே ஆராய்ச்சியாளர் தேடினர். 2011இல் அந்நோய் உலகைவிட்டே ஒழிந்ததென அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின் மனிதன் அடியோடு ஒழித்த நோய் இதுவொன்றே.

இரண்டாவது சம்பவம் துயரமானது. கென்யாவின் வடகிழக்கிலே சோமாலிய இடையர் வாழ்கின்றனர். 2006ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே பெருமழை பெய்தது. நுளம்பு பெருகியது. ஆடுமாடுகள் கன்று ஈனாமற் கருச்சிதைந்தன. சிலவற்றின் மூக்கில் இரத்தம் வடிந்தது. இந்நோய்க்கு இடையர் தம் மொழியிலே பெயரும் வைத்திருந்தனர். வைத்திய நூல்கள் இதனைப் பிளவுப் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்னும். நுளம்புக் கடியாலும், நோயுற்ற கால்நடையின் இரத்தத்தைத் தொடுவதாலும் இது மனிதரைப் பற்றும்.

நோய் அடங்கியபின் ஆராய்ச்சியாளர் இடையரோடு அமர்ந்து விசாரித்தனர். முதலில் மழை, பின்னர் நுளம்பு, அதன்பின் கால்நடை நோய், கடைசியில் மனிதர் நோய் என அவர்கள் வரிசையாகச் சொன்னார்கள். கால்நடை நோய்க்கும் மனிதர் நோய்க்கும் இடையே சில வாரங்கள் இருந்தன. அவ்வாரங்களிற் கேட்டிருந்தால் எச்சரித்திருக்கலாம். அதிகாரிகள் விழித்தெழுந்தது மனிதர் மாளத் தொடங்கிய பின்னரே. கென்யாவில் மட்டும் 150க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

அன்பர்களே, பட்டிக்காரன் சொல்வதெல்லாம் சரியென நான் வாதிக்கவில்லை. காய்ச்சல் பலவாதலால் இரத்தத்தைச் சோதித்தே நோயைத் துணிதல் வேண்டும். ஆனால் எந்த ஊரிற் சோதிப்பது, எப்போது சோதிப்பது என்பதை ஊரவன் வாயிலாகவன்றி எவ்வாறு அறிவது?

நம் வயல்களில் எலிக்காய்ச்சல் வருகின்றது. எலியும் மாடும் கழிக்கும் சிறுநீர் சேற்றில் கலக்க, காலிலுள்ள புண் வழியாகக் கிருமி உடலிற் புகுகின்றது. எந்த வரம்பில் எலி மிகுந்தது, எந்த வாரத்தில் யார் காய்ச்சலாய்க் கிடந்தார் என்பதைக் கமக்காரர் அறிவர். அதை எழுதி வைப்பார் இல்லை.

வாலிபர்களே, இப்பணி உங்களுடையதாகட்டும். ஊர்தோறும் ஒரு கொப்பி வையுங்கள். மழை பெய்த நாள், மாடு நோயுற்ற நாள், மனிதர் காய்ச்சலுற்ற நாள் ஆகியவற்றைக் குறியுங்கள். நோயாளியின் பெயரை ஊரிற் பரப்பாதீர்கள். சுகாதாரப் பரிசோதகரிடமும் மிருக வைத்தியரிடமும் காலந்தாழ்த்தாது காட்டுங்கள். ஆராய வருவோரிடம் ஒன்று கேளுங்கள்: எங்களிடம் பெற்ற விடயங்களின் முடிவை எங்கள் மொழியில் எங்களுக்கே வந்து சொல்வீர்களா? சொல்வோமென்பவரோடு கைகோத்து உழையுங்கள்.

பெரியோர்களே, உங்கள் ஞாபகத்திலுள்ள நோய்க்காலங்களை இவ்விளைஞருக்குச் சொல்லுங்கள். அவர்கள் எழுதட்டும். பட்டிக்காரனின் சாட்சியம் ஏட்டில் ஏறட்டும்.