வந்த மண்ணும் சொந்த மண்ணும்



ஒரு மனிதனுடைய வாழ்க்கைத் தரத்தை எதனைக் கொண்டு அளப்பது? உணவு, ஊதியம், மருத்துவம், கல்வி என்று பலவற்றைப் பொருளியலார் எண்ணிச் சொல்வர். அவை யாவும் வேண்டியனவே. ஆயினும் அவ்வரிசையில் எளிதில் இடம்பெறாத ஒன்றுண்டு. தான் வாழும் இடத்தைத் தன் இடமென்று ஒருவன் எண்ணுதலும், அவ்விடம் அவனைத் தன்னவனென்று ஏற்றலுமே அது. புலம்பெயர்ந்தோர் வாழ்வில் இவ்விரண்டும் எப்போதும் சேர்ந்து வருவதில்லை. அதன் விளைவை அறிவதற்கு நாம் வேற்று நாடு செல்ல வேண்டுவதில்லை. நமது மலையகத்தின் வரலாறே போதிய சான்றாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கோப்பிச் செய்கைக்காகத் தென்னிந்தியத் தொழிலாளர் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளையை நோக்கி நடந்தவர்களிற் பலர் வழியிலேயே நோயால் மாண்டனர். தொடக்கத்தில் அவர்களிற் பெரும்பாலோர் கோப்பி பறிக்கும் பருவத்தில் வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். 1867ஆம் ஆண்டிலே லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டார். பின்னர் கோப்பி நோயால் அழிய, தேயிலை மலைகளை மூடிற்று. தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க ஆள் வேண்டும். ஆகவே, வந்து போனவர்கள் குடும்பத்தோடு தங்கலாயினர்.

தங்கியவர்களுக்குக் கிடைத்த இருப்பிடம் லயம். பத்தடிக்குப் பன்னிரண்டடியளவான ஒரு காம்பராவிலே ஒரு குடும்பம் முழுவதும் வாழ்ந்தது. அதனை விரும்பத்தக்க இல்லமென்று எவரும் சொல்லார். எனினும் அம்மக்கள் அம்மலைகளிலே வேரூன்றினர். தோட்டந்தோறும் மாரியம்மனுக்குக் கோயில் எடுத்தனர். மாசி மாதத்திற் காமன் கூத்து ஆடினர். பெற்றோரைப் புதைத்த மேடும், பிள்ளைகள் பிறந்த காம்பராவும் அங்கேயே இருந்தன. இடத்தின் மீதுள்ள பற்று வசதியினாற் பிறப்பது மட்டுமன்று. உழைப்பினாலும், நினைவினாலும், அயலாரோடு கொண்ட உறவினாலும் பிறப்பது என்பதை இதனால் அறிகின்றோம்.

பற்று இருந்தது, உரிமை இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டிலே சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும், 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை இரு நாடுகளும் 1974இற் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. கணக்கு ஒருவாறு தீர்ந்தது. ஆனால் மனிதர் கணக்கில் அடங்குவரோ?

தலைமன்னாரை நோக்கி அவர்களை ஏற்றிச் சென்ற புகையிரதத்தை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றனர். போனவர்களிற் பலர் இந்தியாவை ஒருநாளும் கண்டவரல்லர். சமவெளியிலே வியாபாரக் கடன் பெற்றுக் குடியமர்ந்தோரிற் பலர், பழகாத தொழிலிற் கைம்முதலை இழந்தனர். பின்னர் மலையையும் கொழுந்தையும் தேடி நீலகிரிக்கு ஏறினர். தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாட்டு அரசு 1968 முதல் அங்கு தேயிலைத் தோட்டங்களை அமைத்திருந்தது. கூடலூரிலும் கோத்தகிரியிலும் கால்வைத்தபோது, பழகிய குளிரும் பழகிய தொழிலும் அவர்களுக்கு ஓரளவு ஆறுதலளித்தன. ஆனால் இலங்கையில் இந்தியர் எனப்பட்டவர்கள், அங்கே ‘சிலோன்காரர்’ எனப்பட்டனர்!

இங்கு ஒரு கேள்வி எழும். இடப்பற்றே மனநிறைவு தருமாயின், லயத்து வாழ்வே போதுமல்லவா என்று சிலர் வினவக்கூடும். அது பொருந்தாது. உரிமையற்ற பற்று மனிதனைக் கட்டிவைக்கும் கயிறாகிவிடும். லயக் காம்பரா தோட்டத்துக்கே உரியது. வேலையோடு அது பிணைந்திருந்தது. வேலையை விட்டால் வீடு என்னாகும் என்ற அச்சத்தினால், வேறு தொழிலை நாட முடியாமல் நின்றோர் பலர். கடிதமும் தோட்டக் கந்தோருக்கே வந்து சேர்ந்தது. வீட்டுக்கெனத் தனி விலாசம் கிடையாது. நாளை எழுப்பிவிடப்படலாம் என்று எண்ணுபவன் வாசலிற் பலாக்கன்று நடுவானா? சுவரை எடுத்துக் கட்டுவானா? பற்று வாழ்வை உயர்த்த வேண்டுமாயின், அதற்கு நிலையான உரிமை துணைநிற்றல் வேண்டும்.

1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்ற நிலை பெரிதும் நீங்கியது. அண்மைக் காலத்திற் சில தோட்டங்களிலே 7 பேர்ச்சஸ் நிலத்திற் தனி வீடுகளும் எழுந்துள்ளன. ‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்னும் பழமொழியின் உண்மையை அங்கே காணலாம். ஆயினும் லயங்களில் வாழும் குடும்பங்கள் இன்னும் பல. குடியுரிமை ஒருவனை நாட்டுக்கு உரியவனாக்குகிறது. காணி உறுதியோ அவனை ஓர் ஊருக்கு உரியவனாக்குகிறது. முன்னது கைகூடியும் பின்னது பலருக்குக் கைகூடவில்லை.

தம் முன்னோர் வந்து 200 ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 2023இல் மலையகத்தார் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மீண்டும் நடந்தனர். முன்னோர் பிழைப்புக்காக நடந்த பாதையிலே, வழித்தோன்றல்கள் உரிமைக்காக நடந்தனர். இம்மண்ணைத் தம்முடையதென்று அவர்கள் உரைத்து நெடுங்காலமாயிற்று. மறுமொழி கூறவேண்டியது நாமே.