வெண்புள்ளியும் கார்போக அரிசியும்
(சங்கத்தின் மாதக் கூட்டத்திற் பேசியது)



தமிழாசிரியராகிய எமக்கு வைத்தியப் பேச்சு ஏனென்று சிலர் நினைக்கலாம். எம் தமக்கையார் மகளுக்குப் பத்தாம் வயதிற் புறங்கையில் ஒரு வெண்புள்ளி கண்டது. வாகட நூல்களிற் சில பயின்றோம் என்னுஞ் செருக்கினால், நாட்டுமருந்துக் கடையிற் கார்போக அரிசி வாங்கி அரைத்துத் தடிப்பாகப் பூசி, உச்சிவெயிலில் அமரச் செய்தவர் யாமே. இரண்டாம் நாள் கைமுழுதுங் கொப்புளம். அக்குழந்தை பட்ட துன்பத்தைக் கண்ட பின்னரே இப்பொருளை ஆராயத் தொடங்கினோம்.

இதனை வெண்குட்டம் என வழங்குகிறோமே, அப்பெயர் செய்யுந் தீங்கு நோய் செய்வதினும் பெரிது. குட்டநோய் கிருமியால் வருவது. இதுவோ கிருமியால் வருவதன்று, தொட்டால் ஒட்டுவதுமன்று. தோலுக்கு நிறந்தரும் அணுக்களை உடலின் காவற்படையே பகையென மயங்கி அழிப்பதால் நேர்வது. உலகமக்களில் நூற்றுக்கு 0.5 முதல் 2 பேர்வரை இஃதுடையர். மீனும் பாலும் சேர்த்துண்டதால் வந்ததென்பர். மீனே சமைக்காத வீடுகளிலும் இதனைக் காண்கிறோமே!

வடநூலார் இந்நோயைச் சுவித்திரம் என்றும், கார்போகியை வாகுசி என்றும் கூறுவர். அவ்விதையிலுள்ள சோரலென் என்னும் பொருளை 1933-இல் இந்திய இரசாயன அறிஞர் பிரித்தெடுத்தனர். அது தனியே நிறந்தராது. தோலை ஒளிக்கு மிகக் கூசச் செய்து, வெயில் பட்ட பின்னரே வேலை செய்யும். அவ்வினத்து மருந்தையும் புறவூதா ஒளியையும் அளந்து தரும் முறை 1970-களில் மேனாட்டு மருத்துவத்திற் புகுந்தது. ஆகவே முன்னோர் கண்டது மெய்யே. யாம் அறியாதது அளவு. அளவு மீறினால் தோல் வெந்துபோம். உட்கொண்டு ஈரல் கெட்டவர்களும் உளர். ஆதலால் பட்டம் பெற்ற வைத்தியர் பார்வையிலன்றி இதனைத் தொடலாகாது. (நலங்குமாவிலும் இவ்வரிசி சேர்கின்றதே என்பீர்கள், அது சிறிதளவு, உடனே கழுவப்படுவது. புள்ளியுடையார் அதனையுந் தவிர்ப்பது நன்று.)

அன்றாட வாழ்விற் கவனிக்க வேண்டுவன சில. இறுகக் கட்டிய பாவாடை நாடா உராயுமிடத்திற் புதுப்புள்ளி தோன்றுவதுண்டு. ஒட்டுப்பொட்டின் பசையால் நெற்றி வெளுத்த பெண்மணிகளையும் காணலாம். அவர்கள் உடனே அதனை விட்டுவிட வேண்டும். வெளுத்த இடம் வெயிலில் எளிதிற் கன்றுமாதலின் குடையும் முழுக்கைச் சட்டையும் வேண்டும். தைராய்டுக் குறையும் சிலருக்கு உடன்வருதலால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்க. முற்றுங் குணமாக்குவோம் என விளம்பரஞ் செய்வாரை நம்பற்க. 1954-ஆம் ஆண்டுச் சட்டமே அவ்விளம்பரத்தைத் தடுக்கின்றது.

எம் மருமகளுக்கு இப்போது வயது 24. ஆஸ்பத்திரியில் அளந்து தந்த ஒளிச்சிகிச்சையால் புறங்கையிற் பாதி நிறம் மீண்டது, விரல்நுனிகளில் மீளவில்லை. சென்ற ஆண்டு நிச்சயமாக இருந்த சம்பந்தம் அவ்விரல்களைக் கண்டதும் முறிந்தது. முறித்தவர் நம்மவரே, பெயர் சொல்லோம். தை மாதத்தில் வேறோரிடத்தார் பெண்பார்க்க வருகின்றனர். இம்முறை கையைச் சேலைத் தலைப்பால் மறைக்கமாட்டேன் என்று அவளே தாயாரிடம் சொல்லிவிட்டாள்.